பெருவிரல் விடுப்பு

விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்குள்
கால்விரல் என்று எழுதினேன்.
கிரெக் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
ஒரு விரலுக்கா மூன்று நாள்?

அவனுக்கு எப்படிச் சொல்ல.
இரவு இரண்டே காலுக்கு
மின்விசிறிக் காற்றில் போர்வையின் ஓரம் அசைந்து
வலது பெருவிரலைத் தொட்டது.
தொட்டது மட்டும்தான்.
இரண்டு பிள்ளை பெற்றபோதும் கடித்துப் பிடித்திருந்த பல்லை
அன்றைக்குத்தான் விட்டேன்.

ராக்ஹாம்ப்டனில் தெருச் சந்திகளில்
சிலைக் காளைகள் நிற்கும்.
இரவில் யாரோ அவற்றின் விதைகளைக் கழற்றிப் போவார்கள்,
நகரசபை திரும்பப் பூட்டும்.
உண்மையான மாடுகள் எங்களிடம் வரும்.
நான் உள்ளுறுப்புப் பிரிவு:
ஈரல், இதயம், சிறுநீரகம்,
பெட்டிக்குப் பத்துக் கிலோ.

ராசாக்களுக்கு வருகிற வியாதியாமே, என்றாள் லூர்தெஸ்,
உனக்கு மணித்தியாலத்துக்கு இருபத்தெட்டு டொலர்.
பிறகு, பாதிப் பகிடியாக:
ஈரலைத் திருடித் தின்கிறாயா?

பதினொரு வருடமாய்
அந்த மணத்தோடு வீட்டுக்குப் போகிறவளுக்கு
பருப்பும் சோறும்தான் இறங்கும்.

டாக்டர் ஒகாஃபோர் இரத்த முடிவை என் பக்கம் திருப்பினார்.
பூச்சியம் தசம் ஐந்து நான்கு.
சாப்பாட்டால் வருவது மூன்றில் ஒன்று, என்றார்.
மிச்சம் நீங்களே.
நாள்தோறும் உங்களுக்குள் கலங்கள் சாகின்றன.
அவற்றுக்குள் எழுதியிருந்தது
எழுத்தெழுத்தாய் உதிர்ந்து
பியூரின், சாந்தீன்,
கடைசியில் யூரிக் அமிலம்.
சிறுநீரகம் வெளியே தள்ளும்.
தள்ள முடியாதது குளிர்ந்த மூட்டாய்ப் பார்த்து
ஊசி ஊசியாய் உறையும்.

என்னிடம் மிகக் குளிர்ந்த இடம்
கம்பூட்சுக்குள் இருக்கும் அந்த விரல்.

மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு ஒரு காவல் உண்டாம்.
எனக்கு ஐம்பத்துமூன்றில் நின்றது.
மாதாமாதம் காசு மிச்சம் என்று சந்தோசப்பட்டேன்.
காவல் போனதை யாரும் வந்து சொல்லவில்லை.

மாட்டுக்கும் இது வருமா, டாக்டர்?

சிரித்தார். வராது.
அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஒரு நொதி,
இதையும் இன்னொரு படி உடைத்துக் கரைத்துவிடும்.
நமக்கும் இருந்தது, ஆளாவதற்கு முன்பு,
வாலில்லாக் குரங்காய்த் திரிந்த காலத்தில் கெட்டுப்போனது.
மரபணு இன்னும் கிடக்கிறது,
'இயக்காதே' அட்டை தொங்கும் மிஷின்போல.

ஆக, பதினொரு வருடம்
எனக்கில்லாத ஒன்றைப்
பத்துப் பத்துக் கிலோவாய் அடுக்கி
ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன்.

குளிசை சின்னது. கொல்ச்சிசின்.
எதில் செய்கிறார்கள் என்று
மருந்துக்கடைப் பெடியனைக் கேட்டேன்.
திரையில் ஊதாப்பூ ஒன்று, ஐரோப்பாக்காரி.
விரலால் தள்ளினான், அடுத்தது:
அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு,
மேல்நோக்கி முறுகிய ஆறு இதழ்.
கார்த்திகைப்பூ.
அதன் கிழங்கைப் பற்றி
எங்கள் பக்கத்தில் ஒருவரும் சத்தமாய்க் கதைப்பதில்லை.

மூன்றாம் நாள் கால் செருப்புக்குள் போனது.
லூர்தெஸ் ஈமியூ பார்க் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள்.
மணல்மேட்டில் செம்மஞ்சள் சட்டைக்காரர் நாலு பேர்
அதே பூவைக் கிழங்கோடு கிண்டிக்
கறுப்புப் பைகளில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.
களை, என்றாள் ஒருத்தி, வெளிநாட்டுச் சாமான்.
ஒரு துண்டு தவறினாலும் திரும்ப முளைக்கும்.
கையுறை இல்லாமல் தொடாதே, நஞ்சு.

தலையாட்டினேன்.
கைப்பைக்குள் குளிசை ஆறு மிச்சம்.

திங்கள், காலை ஐந்தே முக்கால்.
விரல் எப்படி, என்றான் கிரெக்.
இருக்கிறது, என்றேன்.
இரண்டு சோடிக் காலுறை, அதற்கு மேல் பூட்ஸ்.
பட்டி ஓடத் தொடங்கியது.
முதல் சிறுநீரகம் வந்து கையில் விழுந்தபோது
இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை.